ஈரக் கல்: அகேட் சேர்ப்போருக்கும் அறுப்போருக்கும் ஒரு திறந்த மடல்

கரையோரங்களில் கல் பொறுக்கிச் சேர்த்து, இப்போது அதை அறுத்துப் பார்க்கத் துணிந்திருக்கும் அன்பர்களுக்கு,

அகேட் குவார்ட்ஸ் குடும்பத்துக் கல். படிகப் பளிங்கும் அதுவும் வேதியியல் கணக்கில் ஒரே பொருள், இரண்டுமே சிலிக்கா. பளிங்கில் அந்தச் சிலிக்கா கண்ணுக்குத் தெரியும் பட்டகங்களாக வளர்ந்திருக்கிறது. அகேட்டில் அது நுண்ணோக்கிக்கு மட்டுமே புலப்படும் இழைகளாக நெருங்கிக் கிடக்கிறது. இந்த இழைக்கட்டுக்குக் கால்செடனி என்று பெயர். கால்செடனி வரிவரியாக அமைந்தால் அகேட். இரும்பின் சிவப்பு சீராகப் பரவியிருந்தால் சூதுபவளம். ஒளி புகாதபடி வேற்றுத் துகள்கள் நிறைந்து இறுகியிருந்தால் ஜாஸ்பர். இந்த எல்லைகள் கறாரானவை அல்ல. கைப்பிடிக்குள் அடங்கும் ஒரே கல்லில் மூன்றும் இருப்பதுண்டு. சிசிலித் தீவில் பழங்காலத்தில் அகாட்டெஸ் என்று வழங்கிய ஆற்றின் பெயரே கல்லுக்கு ஆயிற்று என்று கிரேக்க அறிஞர் தியோஃப்ராஸ்டஸ் எழுதியிருக்கிறார். ஆற்றின் பெயர் இந்தக் கல்லுக்கு நன்றாகவே பொருந்துகிறது. அது பிறப்பதும், கண்ணில் படுவதும், அறுபடுவதும், மெருகேறுவதும் நீரால்தான்.

நீரின் முதல் வேலை எரிமலைப் பாறைக்குள் நடக்கிறது. எரிமலைக் குழம்பு வெளியே வழிந்து ஆறும்போது அதில் கரைந்திருந்த வாயுக்கள் குமிழ்களாகின்றன. குழம்பு இறுகிப் பசால்ட் பாறையானதும், வெந்த ஆப்பத்தில் தெரியும் கண்களைப் போல, குமிழ்கள் வெற்றுக் குழிகளாகத் தங்கிவிடுகின்றன. பின்னர் பாறையின் வெடிப்புகள் வழியே ஊறும் நீர், சுற்றியுள்ள பாறையிலிருந்தும் எரிமலைச் சாம்பலிலிருந்தும் சிலிக்காவைக் கரைத்துக் கொண்டுவந்து அந்தக் குழிகளில் சேர்க்கிறது. படிவு சுவரில் தொடங்கி உள்நோக்கி வளர்கிறது. ஒவ்வொரு வரியும் தனக்கு முந்தைய வரியின் வளைவைப் பின்பற்றுவதால், அறுத்த முகத்தில் மேலிருந்து பார்த்த கோட்டை மதில்களைப் போல ஒன்றுக்குள் ஒன்றாகக் கோடுகள் தெரிகின்றன. நடுவில் இடம் மிஞ்சினால் அங்கே பளிங்குப் பட்டகங்கள் வளர்வதுண்டு. சில கற்களில் நடு வெறுமையாகவே நின்றுவிடும். குழியின் அடியில் சிலிக்கா கிடைமட்டமாகப் படிந்த கற்களும் இருக்கின்றன. அவற்றின் நேர்வரிகள், கல் உருவான நாளில் எது மேல், எது கீழ் என்பதை இன்றும் ரசமட்டம் போலக் காட்டுகின்றன.

வரிகள் ஏன் தோன்றுகின்றன என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒன்றுபடவில்லை. கூழ்மத்துக்குள் ஊடுருவும் உப்புகள் வெளியார் தலையீடு இல்லாமலே வளையம் வளையமாகப் படிவதை ஜெர்மானிய வேதியியலர் ராஃபேல் லீசெகாங் 1896-இல் கண்டார். அகேட் வரிகளுக்கும் அதுவே காரணம் என்று 1915-இல் தனி நூலே எழுதினார். சிலிக்கா நீர் பலமுறை வந்து பலமுறை படிந்தது என்பது வேறொரு சாராரின் விளக்கம். இழைகள் வளரும் வேகமும் கரைசலின் செறிவும் மாறி மாறி ஏறி இறங்குவதால் வரி பிறக்கிறது என்போரும் உண்டு. இவையெல்லாம் குழம்பின் கொதிப்பில் நடப்பவை அல்ல, பாறை ஆறிய பிறகு ஒப்பளவில் குறைந்த வெப்பத்தில் நடப்பவை என்பதைப் பெரும்பாலோர் ஏற்கின்றனர். நிறத்தில் இவ்வளவு குழப்பம் இல்லை. சிவப்பும் பழுப்பும் மஞ்சளும் இரும்பின் வேலை. கல்லுக்குள் செடிபோல் கிளைக்கும் கறுப்பு, பெரும்பாலும் மாங்கனீசு அல்லது இரும்பு ஆக்சைடு.

அகேட் சேர்ப்பது ஊர்ப் பழக்கமாகவே வேரூன்றிய இடங்களில் முதன்மையானது வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிப் பகுதி. ஏறத்தாழ 110 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கண்டம் நடுவே பிளக்கத் தொடங்கியது. பிளவின் வழியே வெளிவந்த குழம்பு அடுக்கடுக்காகப் படிந்தது. பிளவு பாதியில் நின்றுபோனது. அந்தப் பசால்டின் குமிழ்க் குழிகளில் அகேட் உருவானது. காலப்போக்கில் பசால்ட் சிதைந்து மண்ணாகும். அகேட் அதைவிடக் கடினம் என்பதால் சிதையாமல் உருண்டையாகக் கழன்று விழும். கடைசிப் பனியூழிகளில் வடக்கிலிருந்து நகர்ந்த பனிப்பாளங்கள் அந்த உருண்டைகளை வாரிக்கொண்டு தெற்கே பல நூறு மைல் தூரம் இறைத்துவிட்டு உருகின. அதனால்தான் சுப்பீரியர் அகேட் ஏரிக்கரையில் மட்டுமல்லாமல் மினசோட்டா, விஸ்கான்சின், அயோவா மாநிலங்களின் சரளைக் குழிகளிலும் வயல்களிலும் கிடைக்கிறது. இரும்பின் காரணமாக அதன் தனி அடையாளம் சிவப்பு. மினசோட்டா 1969-இல் இதைத் தன் மாநில ரத்தினமாக அறிவித்தது. அம்மாநிலத்தின் மூஸ் லேக் என்ற சிற்றூரில் கோடைதோறும் தெருவில் சரளையைக் கொட்டி, அதில் அகேட் கற்களையும் சில்லறைக் காசுகளையும் கலந்துவிடுகிறார்கள். ஊரே குனிந்து பொறுக்குகிறது.

பொறுக்குவதற்குக் கண்ணைப் பழக்க வேண்டும். காய்ந்த சரளையில் எல்லாக் கல்லும் ஒரே சாம்பல் நிறம். ஈரத்தில்தான் வரி துலங்கும். ஆகவே மழை கழுவிவிட்ட மறுநாளும், அலை சரளையைப் புரட்டிப்போட்ட மறுநாளும் நல்ல நாட்கள். காலையிலோ மாலையிலோ சூரியன் தாழ்ந்திருக்கும்போது அதை எதிர்நோக்கி நடந்தால், ஒளி கல்லை ஊடுருவி வரும். மற்றக் கற்கள் கறுத்துத் தெரிய, அகேட் மட்டும் உள்ளே அகல் ஏற்றியதுபோல் கனலும். வெயிலுக்கு முதுகு காட்டி நடப்பவர் இந்த உதவியை இழந்துவிடுகிறார். சரளைக்குவியலில் மேலோட்டமாகப் பார்த்துக்கொண்டே வேகமாக நடப்பதைவிட, நான்கடி இடத்தைத் தேர்ந்து அங்கேயே குந்தி உட்கார்ந்து தேடுவது அதிகம் தரும் என்பது பழகியவர்கள் கண்ட உண்மை.

கல்லைக் கையில் எடுத்தபின் சில சோதனைகள் போதும். உடைந்த விளிம்பு கண்ணாடி உடைந்ததுபோல் சிப்பி வடிவில் வளைந்திருக்கும். மெழுகு தடவியதுபோல் மங்கிய பளபளப்பு இருக்கும். வெளித்தோலில் அம்மைத் தழும்பு போன்ற சிறு பள்ளங்கள் காணப்படலாம். அவை குமிழ்ச் சுவரின் மேடுகள் கல்லில் பதிந்த அச்சு. அகேட்டின் கடினம் மோஸ் அளவில் 6.5 முதல் 7 வரை. பேனாக்கத்தி அதைக் கீறாது. அது கண்ணாடியைக் கீறும். ஆயினும் ஆற்று நீரில் உருண்டு மழமழப்பான உடைந்த பாட்டில் துண்டும் ஒளியைக் கடத்தும். வரி தெரியவில்லை என்றால் கீறிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

எங்கே பொறுக்கலாம் என்பதையும் கண்ணைப் பழக்கும் அதே கவனத்தோடு கற்க வேண்டும். மிச்சிகன் மாநிலத்தில் அரசு நிலத்திலிருந்து ஒருவர் ஓர் ஆண்டில் 25 பவுண்டு, அதாவது 11 கிலோவுக்குச் சற்று மேல், எடுத்துச் செல்லலாம். அதே மாநிலத்தின் பிக்சர்ட் ராக்ஸ் தேசிய ஏரிக்கரையில் ஒரு கூழாங்கல்லும் எடுக்கக் கூடாது. மினசோட்டாவின் மாநிலப் பூங்காக்களிலும் தடைதான். சரளைக் குழி பெரும்பாலும் ஒருவரின் சொத்து. கேட்டுவிட்டு நுழைவது முறை. இந்தியாவில் ஆற்றுப் படுகையும் அதன் கல்லும் கனிம விதிகளுக்கு உட்பட்டவை. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: தொல்லியல் மேடுகளில் தரையில் கிடக்கும் மணியையோ, துளையிடும்போது உடைந்த துண்டையோ, செதுக்கிய சில்லையோ தொடவே கூடாது. அது கிடக்கும் இடமே அதன் செய்தி. எடுத்த கணத்தில் அது வெறும் அழகான கல்லாகிவிடுகிறது.

இந்தியாவின் அகேட் களஞ்சியம் தக்காணப் பீடபூமி. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே வழிந்து படிந்த குழம்பு மகாராஷ்டிரத்தின் பெரும்பகுதியையும் குஜராத், மத்தியப் பிரதேசத்தின் பகுதிகளையும் மூடியிருக்கிறது. அதிலிருந்து கழன்ற அகேட்டை நர்மதை கீழே கொண்டுவந்தது. குஜராத்தின் ரத்தன்பூர் பகுதியில் பழைய சரளைப் படிவுகளைத் தோண்டி எடுக்கும் கல், கம்பாத் நகரில் மணியாகிறது. சிந்துவெளி மக்கள் நீண்ட சூதுபவள மணிகளுக்குத் துளையிட்ட காலத்திலிருந்து இந்த வட்டாரம் கல்வேலைக்குப் பெயர் பெற்றது. கம்பாத் கைவினைஞர்கள் இரும்புக் கூர் ஒன்றை நிலத்தில் சாய்வாக நட்டு, அதன் முனையில் கல்லை வைத்து, எதிர்ப்புறத்தில் எருமைக் கொம்பாலான தலையுள்ள சுத்தியால் மெல்லத் தட்டுவார்கள். சில்லு தெறிப்பது சுத்தி பட்ட பக்கத்தில் அல்ல, கூர் பட்ட பக்கத்தில். இன்றைய வைரவாள் வைத்திருப்போர்கூட இந்தக் கைநிதானத்தை வியக்காமல் இருக்க முடியாது. உத்தரப் பிரதேசத்துப் பாண்டா மாவட்டத்தில் கென் ஆற்றுக் கல் ஒன்றுக்கு ஷஜர் என்று பெயர். மரம் என்று பொருள். உள்ளே கிளைத்திருக்கும் செடி உருவம் வெட்டுப்படாமல் முகத்துக்கு வரும்படி அறுப்பதே அங்குள்ளவர்களின் திறன்.

தமிழ்நாட்டில் தக்காண எரிமலைப் பாறை இல்லை. ஆனால் நொய்யல் கரைக் கொடுமணலின் அகழாய்வுக் குழிகளில் சூதுபவளம், அகேட், பளிங்கு மணிகள் முடிந்தவையும் முடியாதவையுமாகக் கிடைத்திருக்கின்றன. முடியாத மணி கிடைக்கும் இடம் பட்டறை. கீழடியிலும் சூதுபவள, அகேட் மணிகள் கிடைத்தன. சூதுபவளத்துக்கான மூலக்கல் குஜராத், மகாராஷ்டிரப் பக்கமிருந்து வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. குருந்தத் தூளை அரக்கில் குழைத்துச் செய்த சாணைச் சக்கரம் இந்த நாட்டின் பழைய கருவி. இன்று கடையில் வாங்கும் வைரச் சக்கரம் அதன் வழித்தோன்றலே.

இனி அறுப்பது. எந்திரத்தைத் தொடும் முன்பு தூசியைப் பற்றி அறிந்தாக வேண்டும். இந்த மடல் எழுதப்பட்டதே பெரிதும் இதற்காகத்தான். அகேட்டைக் காய்ந்த நிலையில் அறுத்தாலோ தேய்த்தாலோ பறப்பது படிகச் சிலிக்கா. கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். கேடு செய்வது கண்ணுக்குத் தெரியாத, சில மைக்ரான் அளவுள்ள துகள். அது நுரையீரலின் நுனிக் காற்றறைகள் வரை போய்த் தங்குகிறது. அதை விழுங்கி அழிக்கப் பார்க்கும் உயிரணுக்கள் தாமே அழிகின்றன. அந்த இடம் தழும்பாக இறுகுகிறது. தழும்பு கூடக் கூட மூச்சு குறைகிறது. சிலிக்கோசிஸ் எனப்படும் இந்த நோயைக் குணப்படுத்த வழி இல்லை. தூசியை விட்டு விலகிய பின்னும் அது முற்றக்கூடும். காசநோய்க்கும் வாசல் திறந்துவிடும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் பணியிடங்களில் சுவாசிக்கப்படும் படிகச் சிலிக்காவை 1997-இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. அமெரிக்கா 2016-இல் வகுத்த பணியிட வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம். ஒரு கிராம் தூளே 20,000 கனமீட்டர் காற்றை அந்த வரம்புக்குக் கொண்டுவந்துவிடும்.

கம்பாத் இதற்குக் கொடுத்த விலை பெரிது. அங்கே கல் தேய்ப்பது பெரும்பாலும் வீட்டு வேலை. சாணைச் சக்கரம் திண்ணையிலோ முற்றத்திலோ சுழலும். காய்ந்த தூசி சமைக்கும் இடத்திலும் பிள்ளைகள் உறங்கும் இடத்திலும் படியும். அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வுகள் தேய்ப்போரிடையே சிலிக்கோசிஸையும் காசநோயையும் பதிவு செய்தன. தூசியை உறிஞ்சும் அமைப்புகளையும் அந்நிறுவனம் வடிவமைத்துக் கொடுத்தது. உலகெங்கும் கடைகளில் மலிவாகத் தொங்கும் அகேட் மாலைகளில் அந்த மூச்சும் கோக்கப்பட்டிருக்கிறது. பிழைப்புக்காக அல்லாமல் விருப்பத்துக்காக அறுப்பவர் அதே தூசியைத் தம் வீட்டுக்குள் அழைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

நீரோ எண்ணெயோ பாயாமல் எந்தச் சக்கரமும் கல்லைத் தொடக் கூடாது. ஒரு நிமிட வேலைதானே என்று உலர்ந்த கோணச்சாணையில் கல்லைக் காட்டுவதும் இதில் அடங்கும். நீர் தெளிக்கும்போதும் நுண்ணிய திவலைகள் துகளைச் சுமந்து பறக்கின்றன; காற்றோட்டமும், முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 அல்லது அதைவிட மேலான முகமூடியும் அப்போதும் வேண்டும். துணி முகமூடி பயன்படாது. வேலை முடிந்ததும் பலர் தவறுவது ஓர் இடத்தில்: மேசையிலும் ஏப்ரனிலும் தெறித்த சேறு காய்ந்ததும் மறுபடி தூசியாகிவிடும். அதைத் துடைப்பத்தால் பெருக்காமல், ஈரம் காயுமுன் ஈரத்துணியால் வழித்தெடுக்க வேண்டும். வேலை உடையைத் தனியே அலச வேண்டும். குழந்தைகள் விளையாடும் அறை பட்டறை ஆகாது.

இவ்வளவும் அமைந்த பின், எந்தக் கல்லை அறுப்பது என்ற கேள்வி. முழுத்தோலோடு வரிகள் வெளியே தெரியும் நல்ல சுப்பீரியர் அகேட்டை அறுக்காமல் விடுவதே மேல். இயற்கை அதை ஏற்கெனவே திறந்து காட்டிவிட்டது, அறுத்தபின் மீளாது. சேர்ப்போரிடையே அத்தகைய கல்லுக்குத்தான் மதிப்பும் கூடுதல். விரிசல் உள்ளதும், ஒரு பக்கம் உடைந்ததும், தோல் மூடி ஒன்றும் தெரியாததும் வாளுக்கு உரியவை. அறுக்கும் திசை எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினால் வளையம், ஓரமாகச் சீவினால் வெறும் வழவழப்பான தகடு. அதேபோல் வரிகளுக்குக் குறுக்கே அறுத்தால் மதில் கோலம் கிடைக்கும். வரிகளுக்கு இணையாக அறுத்தால் கோலமற்ற பரப்பே மிஞ்சும். கண்வடிவ அகேட்டில் நிலைமை வேறு. தோலின்மேல் அரைக்கோளமாக ஒட்டியிருக்கும் கண்ணை மேலோட்டமாகத் தேய்த்தாலே வட்டம் விரியும். ஆழமாகப் போனால் கண் தொலைந்துவிடும். உள்ளே பாசி போன்ற உருவமுள்ள பாசி அகேட்டுக்கும், இறகு போன்ற உருவமுள்ள இறகு அகேட்டுக்கும் திசையைவிட ஆழமே முக்கியம். கல்லை நனைத்து, வலுவான விளக்கின்முன் திருப்பித் திருப்பிப் பார்த்து, பென்சிலால் கோடிட்டு, ஒரு நாள் கழித்து மறுபடி பார்த்து முடிவு செய்வது வீண் தாமதம் அல்ல.

சிறிய, சாதாரணக் கற்களுக்கு உருட்டு எந்திரம் போதும். ரப்பர் பீப்பாயில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேலாகக் கற்களைப் போட்டு, மேற்கல்லைத் தொட்டும் தொடாமலும் நீர் ஊற்றி, சிலிக்கான் கார்பைடு தூள் சேர்த்து இரவுபகலாகச் சுழலவிடுகிறார்கள். முதலில் 60/90 எண் கொண்ட பருவெட்டான தூள், பிறகு 120/220, அதன்பின் 500, கடைசியில் அலுமினியம் ஆக்சைடு போன்ற மெருகுத் தூள். ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஒரு வாரம். ஆற்றுக்கு ஆயிரமாண்டு பிடிக்கும் வேலை ஒரு மாதத்தில் முடிகிறது. முதல் கட்டத்தில் மூலைகள் உருண்டிராத கல்லை அடுத்த கட்டத்துக்கு அனுப்பக் கூடாது. இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் அதே பருந்தூளில் ஓடட்டும். கட்டம் மாறும்போது கல், பீப்பாய், மூடியின் ஓரம் எல்லாவற்றையும் கழுவ வேண்டும். மெருகுக் கட்டத்தில் தப்பித் தங்கிய சில பருத்த துகள்களே ஒரு மாத உழைப்பைக் கீறிவிடப் போதும். கடினம் குறைந்த கற்களை அகேட்டோடு கலந்தால் அவை கரைந்துபோகும். பீப்பாயில் மிஞ்சும் சேற்றைக் கழிநீர்த் தொட்டியில் ஊற்றினால் குழாயில் சிமெண்டு போல இறுகிவிடும். வாளியில் தெளியவிட்டு, படிந்ததை ஈரத்தோடு பையில் கட்டி அப்புறப்படுத்துவதே வழி.

அறுவை வாளின் விளிம்பில் பற்கள் இல்லை. உலோகத்தில் பதிந்த வைரத்துகள்கள் கல்லைத் தேய்த்தே பிளக்கின்றன. ஆறு அங்குலச் சிறுவாள் ஓரம் நறுக்க உதவும். முழுக்கல்லைப் பலகையாக்குவதற்குப் பத்து அங்குலம் அல்லது அதைவிடப் பெரிய, மூடியுள்ள வாள் வேண்டும். கல் இடுக்கியில் அசையாமல் பிடிபட்டிருப்பது இன்றியமையாதது. நடுவில் கல் திரும்பினால் வாள்தகடு வளைந்துவிடும். மறுபடி அது நேராக அறுக்காது. உருண்டைக் கல்லை இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே ஒட்டிப் பிடிப்பதுண்டு. பெரிய வாள்களில் நீருக்குப் பதில் கனிம எண்ணெய் பயன்படுகிறது; வாள் துருப்பிடிக்காது, சூடும் தணியும். மண்ணெண்ணெயும் டீசலும் தீப்பற்றும், நெடியும் கேடு. அவற்றை ஊற்றுவது பழைய தவறு. அகேட் மிக நுண்ணிய துளைகள் உள்ள கல் என்பதால் எண்ணெயை உறிஞ்சும். அறுத்த உடனே சோப்புத் தூளில் கழுவ வேண்டும். வாளைக் கல்லுக்குள் தள்ளக் கூடாது. அது தன் வேகத்தில் உண்ணட்டும். பலகை முடியும் தறுவாயில் ஓரம் சிலாம்பாக ஒடிவது அவசரத்தால்தான். ஐந்தாறு மில்லிமீட்டர் தடிமன் நகைக்கல்லுக்குப் போதும். அதைவிட மிக மெல்லிதாக அறுத்து இருபுறமும் மெருகேற்றினால், வரிகள் போதிய நெருக்கமாக உள்ள அபூர்வமான கற்களில் ஊடுருவும் ஒளி வானவில்லாகப் பிரியும். இதற்கு ஐரிஸ் அகேட் என்று பெயர். வெளியிலிருந்து பார்த்து எவரும் அதை முன்கூட்டிச் சொல்ல முடியாது.

அடிப்புறம் தட்டையாகவும் மேற்புறம் குவிந்தும் இருக்கும் கல்லைக் கபோஷான் என்கிறார்கள். ஒளி கடத்தாத கல்லுக்கும் அரைகுறையாகக் கடத்தும் கல்லுக்கும் பட்டை தீட்டுவதைவிட இந்த வடிவமே பொருத்தம். பலகையை நனைத்து, வார்ப்புருத் தகட்டின் துளையை அதன்மேல் நகர்த்தி நகர்த்திப் பார்த்தால் எந்தப் பகுதி படமாகும் என்பது தெரியும். வரிக்கோலத்தை நட்டநடுவில் வைப்பதைவிட ஓரமாகத் தள்ளிவைத்தால் கல்லுக்கு உயிர் வருகிறது. வடிவத்தை அலுமினியக் கம்பியின் கூரால் வரைவது வழக்கம்; பேனா மை நீரில் அழியும், அலுமினியக் கோடு அழியாது. சிறுவாளில் ஓரம் நறுக்கி, அரக்கு உருக்கிக் குச்சி நுனியில் கல்லின் முதுகை ஒட்டிக்கொள்கிறார்கள். குச்சி கையில் இருந்தால்தான் கல்லைச் சக்கரத்தில் சீராகச் சுழற்ற முடியும். ஒட்டுமுன் கல்லையும் இளஞ்சூடாக்க வேண்டும். குளிர்ந்த கல்லில் அரக்கு பிடிக்காது.

80 எண் சக்கரத்தில் உருவம், 220-இல் அந்த முரட்டுக் கீறல்களை அகற்றுதல், பிறகு மெத்தென்ற சக்கரங்களில் 280, 600, 1200, 3000 என்று மேலே போதல். குவிமாடத்தை ஒரே மூச்சில் உருட்ட முயல்வோர் கல்லில் தட்டையான இடங்களை விட்டுவிடுகிறார்கள். ஓரத்தில் 45 பாகைச் சாய்வு, பிறகு அதற்குமேல் இன்னொரு சாய்வு, பிறகு அவற்றைக் கலத்தல் என்று போனால் வளைவு சீராக அமையும். அடிவிளிம்பைக் கூராக விடாமல் மெல்லிய சாய்வாக மழுக்கினால், நகையில் பதிக்கும்போது சிலாம்பாது. ஈரம் கீறலை மறைத்துவிடுகிறது. நனைந்த கல் எப்போதும் மெருகேறியதுபோலவே தோன்றும். ஒவ்வொரு எண்ணுக்குப் பின்பும் கல்லைத் துடைத்து, நன்றாக உலர்த்தி, சாய்வான வெளிச்சத்தில் உருப்பெருக்கியால் பார்க்க வேண்டும். 220-இன் கீறல் ஒன்று மிஞ்சியிருந்தால் 3000-இல் அது போகாது. அதைச் சுற்றிப் பளபளப்பு கூடுவதால் இன்னும் எடுப்பாகத் தெரியும். திரும்பிப் போவதைத் தவிர வேறு வழி இல்லை. புதியவர்களின் கற்கள் மங்கலாக நிற்பதற்குக் காரணம் மெருகுத் தூள் அல்ல, பெரும்பாலும் இந்தப் பொறுமைக் குறைவு.

இறுதி மெருகுக்குத் தோல் அல்லது கம்பளிப் பரப்பில் நீரில் குழைத்த சீரியம் ஆக்சைடு நன்றாக வேலை செய்கிறது. பரப்பு சொட்டச் சொட்ட இருக்கும்போது மெருகு ஏறாது. ஈரம் வற்றத் தொடங்கி, கல் பரப்பைப் பற்றி இழுக்கும் நிலையில்தான் ஏறும். அந்த நொடியில் சூடும் ஏறுகிறது. கல்லை அடிக்கடி விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். விரல் பொறுக்காத சூட்டை அரக்கும் கல்லும் பொறுக்காது. சூடான கல்லைக் குளிர்ந்த நீரில் போட்டால் விரிசல் விடும். வேலை முடிந்து அரக்கைக் கழற்ற, குச்சியோடு கல்லைச் சிறிது நேரம் குளிர்பெட்டியில் வைத்தால் போதும், பட்டென்று விட்டுவிடும். மெருகு முடிந்ததா என்பதற்கு ஒரே சோதனை: விளக்கின் பிம்பம் கல்லின்மேல் நெளியாமல், விளிம்பு கலையாமல் விழ வேண்டும்.

அகேட்டின் நுண்துளைகள் எண்ணெயை மட்டுமல்ல, சாயத்தையும் உறிஞ்சும். ஜெர்மனியின் இடார்-ஓபர்ஷ்டைன் நகரத்தார் 19-ஆம் நூற்றாண்டில் இதை ஒரு தொழிலாகவே வளர்த்தனர். சர்க்கரைக் கரைசலில் கல்லை ஊறவைத்து, பிறகு கந்தக அமிலத்தில் இட்டால், துளைக்குள் நுழைந்த சர்க்கரை கரியாகிறது. சாம்பல் வரி கறுப்பாகிறது. உள்ளூர்க் கல் வற்றிய காலத்தில், பிரேசிலின் ரியோ கிராண்டே டூ சுல் பகுதிக்குக் குடியேறிய அவ்வூர் மக்கள் அங்கே கண்ட சாம்பல்நிற அகேட் கப்பல் கப்பலாக வந்தது. மங்கிய நிறமுள்ள அந்தக் கல் சாயத்துக்கு மிகவும் இசைந்தது. இன்று கடைகளில் கிடைக்கும் அடர்நீல, இளஞ்சிவப்பு, ஊதா அகேட் வில்லைகள் அநேகமாக எல்லாமே சாயமிட்டவை. கம்பாத்தின் முறை வேறு. மஞ்சள் பழுப்பான கல்லை வெயிலில் உலர்த்தி, மண்பானையில் இட்டு, சாணமோ மரத்தூளோ மூட்டிய மெல்லிய நெருப்பில் சுட்டால், கல்லில் உள்ள இரும்புச் சேர்மம் நீரை இழந்து ஹெமடைட்டாகிறது, கல் சிவக்கிறது. இது கல்லின் சொந்த இரும்பு சிவந்தது, வெளியிலிருந்து புகுத்திய நிறம் அல்ல. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனாலும் விற்கும்போதோ கொடுக்கும்போதோ இரண்டையும் சொல்லிவிடுவது கடமை. அமிலமும் சர்க்கரையும் கொண்ட செய்முறையை வீட்டில் முயல வேண்டியதில்லை. செறிந்த கந்தக அமிலம் சமையலறைக்குரிய பொருள் அல்ல.

கடைசியாக, கல்லைக் காப்பது. அகேட் வெயிலுக்கும் நீருக்கும் அஞ்சாது. சாயமிட்டதுதான் வெயிலில் வெளிறக்கூடும். மெருகேறிய கற்களை ஒன்றோடொன்று உரசவிடாமல் தனித்தனி அறைகளில் வைக்க வேண்டும். கடினம் சமமான கற்கள் ஒன்றையொன்று கீறும். ஒவ்வொரு கல்லின் அடியிலும் வெள்ளைச் சாயத்தில் சிறு பொட்டு இட்டு, அதில் எண் எழுதி, ஏட்டில் எடுத்த இடம், எடுத்த நாள், எடை, அறுத்த திசை, செய்த மாற்றம் ஆகியவற்றைக் குறித்துவைக்க வேண்டும். இடத்தை மாவட்டப் பெயரோடு நிறுத்தாமல், ஆற்றின் எந்தக் கரை, எந்தப் பாலத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பது வரை எழுதலாம். அறுத்த கல்லின் மறுபாதியையும் தோலோடு அதே எண்ணில் வைத்திருந்தால், பின்னால் அதைப் பார்ப்பவர் அது எந்தப் பாறையின் குழியில் வளர்ந்தது என்பதை அந்தத் தோலிலிருந்தே படித்துக்கொள்ளலாம்.